ரிஜெக்ட் அண்ணாச்சியின் கோழிக்கூண்டு

எந்தப் பொருளையும் முதல் பார்வையில் ஏற்றுக்கொள்ளாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அமீரகத்தின் ராஸ் அல் கைமா தொழிலாளர் கேம்ப்பில் என் எதிர் ரூமில் இருந்த 'ரிஜெக்ட்' அண்ணாச்சி. டைல்ஸ் ஃபேக்டரியில் அவருக்குத் தரம் பார்க்கும் டூட்டி. நாள் முழுக்க டைல்ஸைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டு, பாதியை ஒதுக்கித் தள்ளுவார். டூட்டி முடிந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. மெஸ்ஸில் குபூஸ் ரொட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஓரம் வளைஞ்சிருக்கு, ரிஜெக்ட்" என்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்டவர் கேம்ப் சுவரை ஒட்டிக் கூண்டு கட்டிக் கோழி வளர்த்தார். முட்டை ருசி கண்ட கேம்ப் பாஸ் கண்டும் காணாமல் இருந்தார். வெயில் ஏறியதும் நாற்றமும் ஏறியது. ஒரு நாள் பாஸ் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, ஃப்ரைடே தக் டைம். ஸ்மெல் ஆயா தோ முர்கி கலாஸ்!"

வெள்ளிக்கிழமைக்குள் நாற்றம் போகாவிட்டால் கோழிகள் மெஸ் பிரியாணிக்குப் போய்விடும்.

டைல்ஸ்காரருக்கு வேறென்ன தோன்றும்? தான் ஒதுக்கிய டைல்ஸையே கேட்டு வாங்கிவந்து, ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்து, கூண்டுக்குள் பளபளவென்று பதித்துவிட்டார். கோழிகள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. விழாதவை பயத்தில் நகரவே இல்லை.

"கோழிக்கு எதுக்கு அண்ணாச்சி டைல்ஸ்?" என்றேன்.

"நம்ம வீட்டு ஹால்லயுந்தான் கெடக்கு. நாம வழுக்கியா விழுதோம்?"

"நாம தரையைக் கிளறிச் சாப்பிடறதில்லையே."

யோசித்தார். "அதுவுஞ் சரிதான். ரிஜெக்ட்."

அடுத்து மணல். நல்ல யோசனைதான்; ஆனால் கூண்டுக்கு மேலே ஏசித் தண்ணீர் சொட்டுவதை மறந்துவிட்டார். மணல் களியாகி, நாற்றம் மெஸ் வரை போனது. ஏசிக் குழாயைத் திருப்பிவிட்டு, பேக்கிங் அட்டையைக் கிழித்துப் போட்டார். எச்சத்தில் ஊறி அடையாக ஒட்டிக்கொண்டது. மரத்தூளைப் போட்டார். கோழிகள் தும்மின, அண்ணாச்சியும் கூடவே தும்மினார். எல்லாம் ரிஜெக்ட்.

வியாழக்கிழமை, சரக்கு அடுக்கும் மரப் பேலட் செய்யும் தச்சர்களிடமிருந்து, இழைப்புளி சீவிய மரச்சுருள் ஒரு மூட்டை வந்தது. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, கையைத் திறந்தார். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தது. முகர்ந்தார். காதருகே வைத்துக் கசக்கிக்கூடப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

மறுநாள் தொழுகை முடிந்து பாஸ் வந்தபோது, கூண்டுக்கு வெளியே இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே மரச்சுருள் மெத்தையில் அண்ணாச்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வயிற்றின்மேல் ஒரு கோழி.

பாஸ் குனிந்து, மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

"ஸ்மெல் மாஃபி. முர்கி இதர் ரஹேகா." நாற்றம் இல்லை, கோழி இங்கேயே இருக்கலாம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என் பக்கம் திரும்பினார். "இந்த ஆள ரூமுக்கு அனுப்பு பாய்!"

நான் தட்டி எழுப்பினேன். "என்ன அண்ணாச்சி இது?"

"நாம படுக்க முடியாத எடத்துல அதுகள எப்பிடித் தம்பி படுக்கச் சொல்லுதது?" என்றவர், தலையெல்லாம் மரச்சுருளோடு எழுந்து போனார்.

நான் இப்போது துபாய் கராமாவில் இருக்கிறேன். முட்டை வாங்கும்போதெல்லாம் அந்த இரண்டு கால்கள் ஞாபகம் வரும். அவர் கடைசிவரை எனக்கு ஓகே சொல்லவில்லை. நான் அவருக்கு அந்த வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன், மனதுக்குள்.