எண் போட்ட பேய்ப்பல்

ஒரு மலைவண்டியிலிருந்து பேய் இறங்கச் சரியாக நாற்பது நிமிடம் ஆகும். சின்னப் பேய்க்கும் நாற்பது, பெரிய பேய்க்கும் நாற்பது. இந்த ஒழுங்கு மனிதர்களிடம்கூட இல்லை.

மலைமேல் இருந்த அந்த ஊரில் தெருக்கள் எல்லாம் செங்குத்து. தடித்த டயர் நான்கு போட்டு, கைப்பிடி வைத்த மலைவண்டி இல்லாமல் ஒரு மூட்டை மேலே ஏறாது. வண்டிகள் சமவெளியிலிருந்து வரும். வந்த வாரமே கரும்புகை கக்கும். ஏற்றத்தில் முக்கும், முனகும், நின்றுவிடும். ஊர் கூடி யோசித்தது. யோசிக்க முடியாத இடத்தில் பேயை உட்கார வைத்தது. பேய் வந்தபின் சாமியார் வராமல் இருப்பாரா?

வண்டிச்சாமியார் கொட்டகை முன்னால் விடியுமுன்பே வரிசை நிற்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். எஞ்சினைக் கிளப்பினால் பேய் விழித்துக்கொள்ளும். வண்டியைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சாமியார் மட்டும் உள்ளே நுழைவார். வெளியே நிற்பவர்கள் ஓயாமல் கை தட்ட வேண்டும். சத்தம் குறைந்தால் உள்ளிருந்து அதட்டல் வரும். தார்ப்பாய்க்குள்ளிருந்து பெட்ரோல் வாடை அடிக்கும். பேயின் மூச்சு என்று சொல்லிக்கொண்டார்கள்.

கடைசியில் வியர்வை சொட்ட வெளியே வந்து உள்ளங்கையை உயர்த்துவார். அதில் மஞ்சள் பளபளப்போடு, நடுவில் துளையுள்ள ஒரு குட்டிப் பல். பேயின் பல். துளை இருப்பதால் சொத்தைதான் என்று ஊர்ப் பல் வைத்தியரே ஒத்துக்கொண்டார். பல் போன பேய் எப்படிக் கடிக்கும்? வண்டி புகையில்லாமல் ஓடும். உண்மையாகவே ஓடியது. அதுதான் தொல்லை.

அதே வண்டியைச் சமவெளிக்கு ஓட்டிப் போனால் எஞ்சின் கொதிக்கும். அது வேறு பேய். முந்தைய பேயின் தம்பி. அதற்குத் தனியாக வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வீட்டில் அண்ணன், அக்கா, தங்கை என்று மூன்று பேர். அக்காவுக்கு மலைவண்டிதான் சோறு போட்டது. மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் கேன் ஏற்றுவாள். புது வண்டி புகையத் தொடங்கியதும் அண்ணன் போய்ச் சாமியாரை அழைத்து வந்தான். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், கைப்பிடியை முகர்ந்தார். பொம்பளைக் கை பட்டு வந்த பேய் என்றார். ஞாயிற்றுக்கிழமை பல்லைப் பிடுங்கிவிடுகிறேன், அதற்குப் பிறகு அவள் ஓட்டக் கூடாது, வீட்டு ஆண்பிள்ளை ஓட்டட்டும் என்றார். வீட்டு ஆண்பிள்ளைக்கு அப்போது வேலை இல்லை. பக்தி உடனே வந்தது.

அக்கா அழவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கையிடம் சொன்னாள்: "பேய் புடிச்ச வண்டியில வர்ற தண்ணிய எவன்டி வாங்கிக் குடிப்பான்? சாவிய அண்ணன்கிட்டக் குடுத்துட வேண்டியதுதான்."

தங்கை வேதியியல் படித்தவள். நாலு பேர் கூடினால் அவள் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதனால் பேசாமல் கொட்டகைக்குப் போனாள். அங்கே ஒரு கண்ணாடிச் சாடி நிறையப் பேய்ப்பற்கள். எல்லோரும் கும்பிட்டார்கள். அவள் கிட்டே குனிந்து படித்தாள். ஒவ்வொரு பல்லிலும் பொடியாக எண் பொறித்திருந்தது. பேய்கள் தொழிற்சாலையில் தயாராகின்றன என்று எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

உதிரிபாகக் கடையில் அந்த எண்ணைச் சொன்னாள். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட், பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகும் என்றார் கடைக்காரர். அவளுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மலைமேல் காற்று மெலிது. சமவெளிக்கு அளந்த பெட்ரோல் இங்கே அதிகம். எரியாத மிச்சம்தான் கரியாக வெளியே வருகிறது. துளை சின்னதாக வேண்டும்.

"சின்னதா? இருங்க, சாமி மிச்சம் வச்சிருக்காரான்னு பாக்குறேன்," என்றார் கடைக்காரர். "மொத்தமா அள்ளிட்டுப் போயிடுவாரு."

ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வெளியே போயிருந்தான். அக்கா தலைவலியோடு படுத்திருந்தாள். தங்கை சமையலறை அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்தாள். பின்கட்டில் நின்ற வண்டியின் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரைக் கழற்றி, மேசைமேல் பழைய துணி விரித்து வைத்தாள். அடிக்கிண்ணத்தில் நான்கு திருகுகள். மூன்று சொன்னபடி கேட்டன. நாலாவது அண்ணனைப் போல. கிண்ணம் கழன்றதும் நடுவில் பழைய ஜெட் தெரிந்தது. அதை எடுத்தாள். புதியதன் தலையில் தன் நகச்சாயத்தை ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டாள். ஜெட் மென்மையான பித்தளை, அழுத்தினால் மரை போய்விடும். விரலாலேயே சுற்றி ஏற்றி, கடைசியில்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொட்டாள். எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, வண்டியைத் தெருக்கோடி வரை தள்ளிப் போய்க் கிளப்பி, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தாள். புகை இல்லை.

அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. அந்த வகையில் சாமியார் கெட்டிக்காரர்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், சாமி முகர்ந்ததில் சரியாயிற்று என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தார்ப்பாய் மூடியது. கூட்டம் தட்டியது. இருட்டில் தடவியே வேலை செய்து பழகிய கை, பல்லோடு வெளியே வந்தது. சாமியார் அதைப் பார்க்காமலே உயர்த்தினார். கூட்டம் பார்த்தது. பல்லின் தலையில் பளிச்சென்று நீலம்.

கைதட்டல் தடுமாறியது. முன்வரிசையில் ஒரு பால்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "பொம்பளைப் பேய்தான். நகச்சாயம் பூசியிருக்கு பாருங்க," என்றார்.

"பல்லுலயா பூசும்?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"பேய்க்கு எது பல்லு, எது நகம்னு நீ கண்டியா?"

சாமியார் அப்போதுதான் உள்ளங்கையைப் பார்த்தார். கட்டைவிரலால் நீலத்தைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு பால்காரர் போட்டுக் கொடுத்த பாதையில் இறங்கிவிட்டார். "அன்னைக்கே சொல்லலையா? இனி இந்தப் பொண்ணு கைப்பிடியைத் தொட்டா மறுபடியும் முளைக்கும்."

கூட்டம் முன்னிலும் பலமாகத் தட்டியது. அண்ணன் கையை நீட்டினான். அக்கா சாவியை எடுத்தாள்.

நீட்டிய இரண்டு கைகளுக்கும் நடுவில் மூன்றாவது கை வந்து சாவியைப் பிடித்தது. அதன் நகங்கள் நீலமாக இருந்தன.

"குடுக்காதக்கா," என்றாள் தங்கை. அடுத்து அவள் சொன்னது அக்காவுக்கே சரியாகக் கேட்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று பின்னால் கேட்டார்கள். அதைக் கேட்பதற்காகக் கைதட்டலை நிறுத்தினார்கள். அந்தக் கொட்டகையில் அப்படியோர் அமைதி அதுவரை வந்ததில்லை. சாமியார் ஓரடி பின்வாங்கினார். அவர் மடியிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவர் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. எல்லோருக்கும் கேட்டது.

"சத்தமாச் சொல்லும்மா," என்றார் பால்காரர்.

தங்கை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். சொன்னாள்.

"அந்தப் பல்லை நேத்து மத்தியானம் நான்தான் மாட்டினேன். எங்க வீட்டுச் சமையலறை மேசையில வச்சு. வண்டி நேத்தே சரியாயிடுச்சு. இன்னைக்கு இவரு எந்தப் பேயை ஓட்டினாருன்னு, கைதட்டினவங்க இப்பவாவது யோசிச்சுப் பாருங்க."