ஐந்து கிலோ பிசினும் ஒரு கறிவிருந்தும்

விளாங்குடியில் ஜிகர்தண்டா கடை, அதற்கு மேலே மாடி வீடு, சமயநல்லூரில் பால்பண்ணை. அத்தனையும் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் கட்டியவை! (எவனும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை.) அப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு கல்யாண விருந்தைக் கவிழ்த்தேன்.

அப்போது என்னிடம் தள்ளுவண்டி மட்டும்தான். சமயநல்லூர் தவசி மாமாவின் சின்ன மகள் செல்வியைப் பெண் கேட்டிருந்தேன். மூத்தவள் கல்யாணக் கறிவிருந்துக்கு வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஜிகர்தண்டா கொடுக்கும் பொறுப்பை மாமா என்னிடம் தந்தார்.

"ஒழுங்காச் செஞ்சு காட்டு மாப்ள. சின்னவ பேச்சை அப்புறம் பேசுவோம்."

"எல்லாமே என் கைப்பக்குவம் மாமா!" என்றேன். பொய். பாதாம் பிசினைக் கடையில் ஊறவைத்ததாகவே வாங்கிப் பழகியவன் நான். காய்ந்த பிசினைத் தொட்டதுகூட இல்லை; ஊறினால் அது பல மடங்கு பெருகும் என்பதும் தெரியாது. முந்நூறு பேருக்கு ஊறிய பிசின் ஐந்து கிலோ போதும். நான் காய்ந்த பிசினிலேயே ஐந்து கிலோ வாங்கி, சாயங்காலம் அண்டாவில் போட்டுவிட்டேன்!

காலையில் பார்த்தால், அண்டா மூடியைத் தலையில் சுமந்துகொண்டு பிசின் எழுந்து நிற்கிறது. தண்ணீர் சொட்டுகூட இல்லை. பாவம், தாகம் போல என்று இன்னும் ஊற்றினேன். குடித்தது! மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்தது! டிரம், வாளி, குண்டா எல்லாம் கண்ணாடிக் கட்டியாகப் பிசின்.

"அண்ணே, என் பிரியாணி தேக்சாவையாச்சும் விடுங்கண்ணே!" என்று சமையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கீழே கொட்டினால் குட்டு உடையும். கொடுத்தே தீர்ப்பது என்று துணிந்தேன். தம்ளரில் முக்கால்வாசி பிசின், மேலே பால், நன்னாரி சர்பத். சித்திரை வெயில் வேறு.

"இன்னொண்ணு குடு தம்பி, நெஞ்சே குளுந்துருச்சு!"

ஆளுக்கு இரண்டு, மூன்று என்று உள்ளே போனது.

அப்புறம் பந்தி. உட்கார்ந்தவர்கள் இரண்டு வாய்ச் சோற்றோடு நிறுத்தி வயிற்றைத் தடவினார்கள். கறி அப்படியே கிடந்தது.

"ஏழு கெடா வெட்டிருக்கேன், எவனும் தொடலை! என்னத்தடா கலந்த?" மாமா என் சட்டையைப் பிடித்தார். கதவோரம் செல்வி. உளறிவிட்டேன், உண்மையை.

அந்த நேரம் பார்த்து கல்யாண மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். செத்தேன் என்று கண்ணை மூடினேன். அவரோ வாயெல்லாம் சிரிப்பு.

"தவசி! நல்லி எலும்புக்குச் சண்டை வராத பந்தி எங்க வம்சத்துலயே இதான்யா மொதல்ல!"

மாமாவின் பிடி தளர்ந்தது. அடுத்த தையில் செல்வி என் வீட்டுக்கு வந்தாள்.

இன்றைக்கும் நான் பெருமை பேச வாயெடுத்தால், "யாரும் தண்ணி ஊத்தாதீங்க, இன்னும் பெருகும்!" என்கிறாள். பிள்ளைகள் உருண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் மூத்தவள் கல்யாண ஆல்பத்தை விரிக்கும்போதெல்லாம், பந்தியில் சண்டை வராததற்குக் காரணம் மாமாவின் நல்ல மனசு என்கிறார்களே சொந்தக்காரர்கள், நியாயமா? காரணம் பிசின். ஊறவைத்தது நான். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதுங்கள்!