பல்லடம் வேனில் காக்பிட் சார்

பனியன் கம்பெனியை விமானமாகவும் அங்கே தைப்பவர்களை விமானிகளாகவும் நினைத்துக்கொண்டே மாதாமாதம் முழுச் சம்பளம் வாங்கிய மனிதர் உலகிலேயே ஒருவர்தான். திருப்பூரில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் காக்பிட் சார்.

விமானிகளின் வேலைப்பளுவை அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் முன்பு இருந்தவர். எங்கள் கம்பெனிக்கு வேலை அளவு பார்க்கும் அதிகாரியாக வந்தார். நான் அங்கே பர்சனல் ஆபீசர்.

"வேலை கூடினா விமானி கண் சிமிட்டுறது குறையும் சார்" என்று சொல்லிவிட்டு, ஓவர்லாக் மிஷின் முன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் சிமிட்டல்களை எண்ணினார். அரை மணியில் கட்டிங் பிரிவிலிருந்து அந்த அக்காவின் வீட்டுக்காரர் கத்தரியோடு வந்தார். காக்பிட் சாரை ஸ்டோர் ரூமில் ஒளித்துவைத்தது என் பணிக்காலச் சாதனைகளில் ஒன்று.

அடுத்து வேன் விவகாரம். பல்லடத்திலிருந்து ஆள் கூட்டிவரும் வேனுக்கு மூன்றாவது டிரிப் போட முதலாளி நினைத்தார். டிரைவர் பழனிச்சாமி இரண்டு டிரிப்பிலேயே துவண்டுகொண்டிருந்தார். தாங்குவாரா என்று அளந்து சொல்லும்படி உத்தரவு.

காக்பிட் சார் விமானிகளுக்கான படிவத்தை எடுத்தார். "வேலை எவ்வளவு கஷ்டம்? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"மொதலாளி எத்தனை சொன்னாருங்க?"

"நீங்கதான் சொல்லணும்."

"அப்ப ஒண்ணே போட்டுக்கங்க. பத்துன்னா, சோறு போடற எடத்தைக் கொறை சொன்னாப்பல ஆயிருமுங்க."

எங்கள் பக்கத்து மரியாதை எந்த விமானத்தையும் கவிழ்த்துவிடும். படிவப்படி பழனிச்சாமிக்கு வேலையே இல்லை. மூன்றாவது டிரிப்புக்கான உத்தரவை நானே தயார் செய்தேன்.

காக்பிட் சார் விடவில்லை. "பறக்கும்போது விமானிகிட்ட கணக்குக் கேப்போம் சார். மூளையில இடம் மிச்சமிருந்தா பதில் வரும்" என்று மறுநாள் காலை வேனில் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சாட்சிக்கு நான் பின்னால்.

காலிச் சாலையில் பதில்கள் சரளமாக வந்தன. பல்லடம் முக்கில் இரண்டு தனியார் பஸ்கள் இருபுறமும் நெருக்கின. குறுக்கே ஒரு கோழி வண்டி நுழைந்தது.

"தொண்ணூத்தி மூணுல ஏழு போனா?"

"யோவ்! வாய மூடிட்டு உக்காருய்யா!"

நாயைக்கூட 'தள்ளிக்கங்க' என்று விரட்டுபவர் பழனிச்சாமி.

கம்பெனிக்குத் திரும்பியதும், "அளந்த நெம்பர் எங்கீங்க?" என்றார் முதலாளி.

"என்னை யோவ்னு சொன்னார் சார். அதுதான் அளவு. அதுக்கு மேல ஏத்தினா வண்டி கவிழும்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "படிவத்துல அப்படியொரு கட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க" என்றேன். மூன்றாவது டிரிப் நின்றது.

பணிக்காலம் முழுவதும் எந்தப் படிவத்திலும் ஒரு கோடுகூட மாற்றாத நான், அறைக்குப் போய் ஸ்கேல் வைத்து அந்தக் கட்டத்தை வரைந்தேன். நிரப்புவதற்கு என் பேனாவையும் காக்பிட் சாரிடமே கொடுத்தேன்.