மதில் கல்லின் வயது குறித்து அத்தானுக்கு

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் மனைவியின் தம்பி, அடுத்த வீட்டிலிருந்து, தன் உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் சுகம். தாங்களும் சுகம் என்பதை, நம் மதிலின் இன்னும் விழாத பகுதிக்கு அப்பாலிருந்து இன்று காலை கேட்ட தும்மலால் அறிந்தேன். அது தங்களுடைய தும்மல்தான் என்பதை நேரில் கண்டு உறுதி செய்துகொள்ளவில்லை.

மதிலில் ஒரு சிறு கதவு வைத்தால், முழங்கால் வலியோடு இருக்கும் அக்கா, படி இறங்கி, தெருவைச் சுற்றி, மறுபடி படி ஏறாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்துபோகலாம் என்றீர்கள். நல்ல யோசனை. அனுமதி கேட்டிருந்தால் அந்த மூச்சிலேயே கொடுத்திருப்பேன். தாங்களோ, "என் மதில்ல நான் கதவு வைக்கறதுக்கு இவன்கிட்ட எதுக்குக் கேக்கணும்?" என்று என் காதுபடச் சொன்னீர்கள். ஆகவே ஆட்சேபித்தேன். மதில் என் தந்தையார் கட்டியது என்பது என் தரப்பு. தங்கள் திருமணத்துக்குப் பின் தாங்கள் கட்டியது என்பது தங்கள் தரப்பு. இரு தரப்பிலும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இதற்கிடையில் அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் மூன்று மாதம் ஆகிறது. முன்பெல்லாம் மாலையில் வந்து, என் மனைவி போடும் தேநீரில் குறை கண்டுபிடித்து, அதையே இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவாள். இப்போது குறை சொல்ல ஆளில்லாததால் தேநீரின் தரம் இறங்கிக்கொண்டே வருகிறது. அதை எடுத்துச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

நடுநிலையான சாட்சி ஒன்று தேவைப்பட்டது. என் மகனின் மனைவி, அதாவது எங்கள் வீட்டு மருமகள், பழம்பாறைகளின் வயதைக் கணிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வது தாங்கள் அறிந்ததே. மலையின் வயதைச் சொல்பவள் மதிலின் வயதைச் சொல்லமாட்டாளா? ஆனால் கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவள் மனதில் பாரபட்சம் புகுந்துவிடும். எனவே அதைச் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். மேல்வரிசைக் கற்கள் மழையிலும் வெயிலிலும் கெட்டிருக்கக்கூடும் என்பதால், கடப்பாரையால் அடிவரிசையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தேன். சாட்சியாக நின்ற என் மனைவி, "என்னங்க, அடிக்கல்லப் போய் உருவுறீங்களே, மேல இருக்கறதெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டாள். அது இந்த விவகாரத்தில் எழாத கேள்வி என்று விளக்கினேன். கல்லைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, அவளிடம் கையொப்பம் பெற்றேன்.

மருமகள் மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க எடுத்தது மாமா?"

"அதச் சொல்றதுக்கில்லம்மா."

"திருட்டுக் கல்லா?"

"இன்னும் தீர்ப்பாகல."

முடிவு வருவதற்குள் அந்த முறையின் நம்பகத்தன்மையைச் சோதிப்பது என் கடமை. ஆகவே சாப்பாட்டு மேசையில் அவளைக் குறுக்கு விசாரணை செய்தேன். பாறை உருவானதை நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டேன். "யாரும் இல்ல மாமா. உள்ள சிர்கான்னு பொடிப் படிகம் இருக்கும். அதுதான் சாட்சி" என்றாள். அந்தப் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளுமாம். ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிடுமாம். உள்ளே போன யுரேனியம் மாறாத வேகத்தில் சிறிது சிறிதாக ஈயமாக மாறும். ஆகவே உள்ளே எவ்வளவு ஈயம் இருக்கிறதோ, அவ்வளவு காலம் கழிந்திருக்கிறது.

"நடுவுல ஈயம் வெளிய கசிஞ்சிருந்தா?" என்றேன், விடாமல்.

"யுரேனியத்துல ரெண்டு வகை மாமா. ஒவ்வொண்ணும் வேற வேகத்துல வேற ஈயமா மாறும். கசிஞ்சிருந்தா ரெண்டும் ரெண்டு வயசு சொல்லி மாட்டிக்கும்."

"வேகமே மாறியிருந்தா?"

"சுட்டுப் பாத்தாச்சு, அமுக்கிப் பாத்தாச்சு. மாறல. நீங்க கேக்கறதயெல்லாம் எங்க ஆளுங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டு சண்ட போட்டு முடிச்சாச்சு. சாப்பாடு ஆறுது மாமா."

சில பாறைகள் பிறகு மறுபடி வெந்து உருகிப்போயிருந்தால் கணக்குக் குழம்பும் என்றும், அப்போது 'தெரியாது' என்றே எழுதிவிடுவார்கள் என்றும் அவளே ஒப்புக்கொண்டாள். அத்தான், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாட்சியை நான் என் வக்கீல் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை. இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் எதிர்த்தரப்பு வக்கீலின் அலுவலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருப்பார்கள். அந்த முறையை முழுமையாக ஏற்றுக்கொண்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. கல்லின் வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு. முன்னே பின்னே ஒரு கோடி.

"அப்படின்னா அத்தான் கல்யாணத்துக்கு முன்னாடியே மதில் இருந்திருக்கு!" என்று எழுந்து நின்றேன்.

"எந்த மதில்?" என்றாள் மருமகள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, கல்லு எப்ப உருவாச்சுன்னுதான் என்னால சொல்ல முடியும். அத யாரு தூக்கி அடுக்கினாங்கன்னு கல்லுக்கு எப்படித் தெரியும்? மதில்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

இதற்கு நான் பதில் தயாரித்துக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே அந்தச் சத்தம் கேட்டது. அடிக்கல் இல்லாத இடத்தில், இரண்டு பேர் கைகோத்து நடக்கும் அகலத்துக்கு, மதில் தரையில் கிடந்தது. "எழாத கேள்வி எழுந்துடுச்சு" என்றாள் என் மனைவி.

வேறு வழியின்றி வாய்மொழிச் சாட்சியத்துக்குத் திரும்பினேன். சிறுவயதில் அந்த மதிலிலிருந்து விழுந்த தழும்பு என் முழங்கையில் உள்ளது. அது எங்கள் திருமணத்துக்குப் பிறகு சைக்கிளிலிருந்து விழுந்தது என்கிறாள் மனைவி. தானே மருந்து போட்டாளாம். ஆக, இந்த ஒரு தழும்பின் வயதிலேயே எங்களுக்குள் இருபது ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. இருநூற்றைம்பது கோடியில் ஒரே ஒரு கோடி மட்டும் பிசகும் கல்லையா நாம் சந்தேகப்பட்டோம்?

எனினும் கொள்கை கொள்கையே. வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்து, அதே கற்களைக் கொண்டு இடைவெளியை அடைப்பார். இதனால் மதில் தங்களுடையது என்று நான் ஒப்புக்கொண்டதாகாது. அதன் பிறகு தாங்கள் ஒரு வார்த்தை, வாய்மொழியாகவேனும், கேட்டால் கதவுக்கு அனுமதி தாமதமின்றி வழங்கப்படும்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் அவள் முழங்காலுக்கு என் விசாரிப்பையும் தெரிவிக்கவும். தாங்கள் நீண்ட ஆயுளோடும் சற்றே குறைந்த பிடிவாதத்தோடும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
எல்லா உரிமைகளுக்கும் பாதகமின்றி,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இதை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா இடைவெளி வழியாக, விழுந்த கற்களின் மேல் கால் வைத்து, கோலூன்றி வந்துவிட்டாள். தேநீரை வாயில் வைத்து, "என்னம்மா இது, டம்ளர் கழுவின தண்ணியா?" என்று கேட்டு இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டாள். பிறகு கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "அறிவு இருக்காடா ரெண்டு பேருக்கும்? அப்பா இந்த வீட்ட வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வந்தப்போ நானும் கூட வந்தேன். அப்பவே அந்த மதில் இருந்துச்சு. முன்னாடி இருந்தவங்க கட்டினது. என்கிட்ட யாருடா கேட்டீங்க?" கல்லைக்கூடக் கேட்டேன், அக்காவைக் கேட்கவில்லை. அப்போது அவளுக்கு வயது என்ன என்று குறுக்கு விசாரணையைத் தொடங்கினேன். "அந்த ஸ்டூல இழுத்துப் போடு, கால் நீட்டணும்" என்றாள். போட்டேன். தாங்கள் போன மாதமே கதவு வாங்கிப் பரண்மேல் ஒளித்து வைத்திருப்பதாகவும் சொன்னாள். ஆகவே மேற்கண்ட கடிதம் முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். கிழிக்கத்தான் போனேன். "குடுடா, அவர் சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்; இந்தப் பின்குறிப்பை எழுத மட்டும் திருப்பித் தந்திருக்கிறாள். கொத்தனார் வெள்ளிக்கிழமை கதவுக்கு நிலை வைக்க வருவார். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பது மட்டும் பாக்கி இருந்தது. தாழ்ப்பாளே வேண்டாம் என்கிறாள் அக்கா. எனக்கு ஆட்சேபணை இல்லை.