புற்றுச்சாமிக்கு ஒரு பதிவுத் தபால்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதில் பாடத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

மைதானத்தின் நடுவில் ஒரு கரையான் புற்றும் இருந்தது. உள்ளே இருந்த கரையானையெல்லாம் உறிஞ்சித் தின்று தீர்த்த பிறகுதான் தலைமையாசிரியர் கரடியாருக்குப் பக்தி வந்தது. காலிப் புற்றுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, புற்றுச்சாமி என்று பெயரும் வைத்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கியதும் கணக்கு வகுப்பைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தில் கூட்டுப் பிரார்த்தனை போட்டார். பேனா, ஹால் டிக்கெட், ஜியோமெட்ரி பாக்ஸ் எல்லாம் புற்றின் முன்னால் வரிசையாக அடுக்கப்பட்டன. பேனாவுக்கு அருள் வந்ததோ என்னவோ, பிள்ளைகளுக்குப் பின்னம் வரவில்லை.

முள்ளம்பன்றி மணிமொழிக்கு வயிறு எரிந்தது. அவள் மகள் சுடர்மதி அரையையும் காலையும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதி வைத்திருந்தாள். பரீட்சைக்குப் பத்தே நாள். மணிமொழிக்குச் சாமி நம்பிக்கை கிடையாது; அதற்காக அடுத்தவர் சாமியை வம்புக்கு இழுக்கிறவளும் அல்ல. முட்களை மடக்கிக்கொண்டு கரடியாரிடம் போனாள்.

"சார், எம் பொண்ணை மட்டும் பிரார்த்தனையில இருந்து விட்டுடுங்க. அந்த நேரத்துல அவ கணக்குப் போடட்டும்."

"தாராளமா! நாங்க யாரையும் கட்டாயப்படுத்துறதே இல்லையே," என்று கரடியார் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். "விலக்கு ரெண்டு பேருக்கு உண்டு. ஒண்ணு, பூசாரி வீட்டுப் பிள்ளைங்க. அவங்க கும்பிடுறதை வீட்டுலயே கும்பிட்டுக்குவாங்க. இன்னொண்ணு, நம்பிக்கை இல்லாதவங்க. நீங்க ரெண்டாவது. சாமிகிட்ட ஒரு தடையில்லாச் சான்று மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

"யாருகிட்ட?"

"சாமிகிட்டம்மா. 'இவர் என்னை நம்பாததில் எனக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு ஒரு வரி போதும். முத்திரை முக்கியம்."

"சாமியே இல்லைங்கறேன். யாரு சார் எழுதித் தருவா?"

"அதையும் அவர்கிட்டயே கேட்டுடுங்க."

மணிமொழிக்கு அத்தனை முள்ளும் சிலிர்த்துக்கொண்டது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டிருக்க நாள் இல்லை. நேராகத் தபாலாபீசுக்குப் போய், வெயிலில் கியூவில் நின்று, விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டாள். உயர்திரு புற்றுச்சாமி, கரையான் புற்று, பள்ளி மைதானம்.

தபால்காரர் மரங்கொத்தி விதி தவறாதவர். மூன்று நாள் போய்ப் புற்றைத் தட்டினார். நாலாம் நாள், "இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் எப்போதும் இருந்ததில்லை" என்று எழுதி, அலகாலேயே முத்திரை குத்தி, கவரை மணிமொழியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மணிமொழி குதித்தாள். இத்தனை வருஷம் அவள் ஒருத்தியாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்போது தபால் இலாகாவே முத்திரை குத்திவிட்டது! கவரோடு மைதானத்துக்கு ஓடினாள். பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது.

கரடியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். கவரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"பிள்ளைங்களா! இத்தனை நாள் கும்பிட்டோமே, நமக்கு ஒரு பதில் வந்துச்சா? இந்தம்மாவுக்கு வந்திருக்கு! சாமிக்கு என்ன அடக்கம் பாத்தீங்களா? தான் இல்லவே இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு!"

"சார், அது மரங்கொத்தி எழுதினது!"

"எழுத வச்சது யாரும்மா?"

பத்து நிமிஷத்தில் கவருக்குச் சந்தனம் பூசிப் புற்றின் உச்சியில் ஏற்றிவிட்டார்கள். கவர்சாமிக்காக அறிவியல் வகுப்பும் போயிற்று. பூசாரி யார் என்ற கேள்வியே எழவில்லை. சாமியோடு கடிதப் போக்குவரத்து உள்ளவள் காட்டிலேயே ஒருத்திதான்.

மணிமொழி மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் விதிப் புத்தகத்தின் முதல் விலக்கு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு பூசை மணியை வாங்கிக்கொண்டாள்.

அன்று முதல் அவள் மணியடித்தாள். முந்நூறு பிள்ளைகள் கண்ணை மூடி நின்றார்கள். காலி வகுப்பறையில் சுடர்மதி மட்டும் பின்னம் போட்டாள். அந்த வருஷம் கணக்கில் தேறியதும் அவள் ஒருத்திதான்.

"பாத்தீங்களா, கவர்சாமி மகிமையை!" என்றார் கரடியார். அடுத்த வருஷம் பிரார்த்தனையை இரண்டு மணி நேரமாக்கினார்.

நீதி: பிள்ளையைச் சாமியிடமிருந்து காப்பாற்ற விரும்பும் பெற்றோர், பூசாரி வேலைக்கு விண்ணப்பிக்கவும்.