பாட்டும் பாட்டிலும்

அன்று காலை அடகாலா தேநீரை ஆற விட்டுவிட்டு ஒரு சபதம் எடுத்தார். நைரோபியின் கங்கேமிப் பகுதியில் ஒரு மனிதன் தேநீரை ஆற விடுகிறான் என்றால் தலைபோகிற காரியம் என்று அர்த்தம்.

"இமாலி அம்மா, இந்தக் கிட்டாரோட இனிமே என்னால குடும்பம் நடத்த முடியாது."

பிள்ளை இமாலியின் பெயரைச் சொல்லித்தான் அவர் மனைவியைக் கூப்பிடுவார். மனைவி மிதேவா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இத்தனை நாளா என்னோட நடத்துறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்."

விஷயம் இதுதான். பேக்கரி வேலை முடிந்து வந்ததும் அடகாலா கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பார். வாசிப்பார், ஆணியில் மாட்டுவார். மறுநாள் மாலை எடுத்தால் சுருதி மொத்தமும் கலைந்திருக்கும். நைரோபிக் குளிர் என்றார். எலி என்றார். வீட்டுக்காரர் மேல்கூட ஒரு சந்தேகம் இருந்தது. கம்பி தானாகத் தளர்ந்திருந்தாலாவது சரி, ஒரு கம்பி இறுகியிருந்தது. அதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சொந்த ஊரான விஹிகாவில், மிதேவாவின் அண்ணன் அசாவா வீட்டில் குடும்பமே கூடும். காலமான மாமனாரின் நாற்காலியை முற்றத்தில் போடுவார்கள். கிட்டார் வாசிப்பவருக்குத்தான் அந்த நாற்காலி. கீழே பாயில் உட்கார்ந்து, மேனியெல்லாம் வரிவரியாக மேடு வைத்த பழைய ஃபான்டா பாட்டிலைக் குச்சியால் சுரண்டித் தாளம் போடுவது மிதேவா. சின்னப் பெண்ணாக அப்பாவுக்குச் சுரண்டினாள், பிறகு புருஷனுக்கு. அந்த வீட்டில் பெண் பிள்ளைகள் கிட்டாரைத் தொட்டதில்லை. "பாட்டு என்னுது, பாட்டில் உன்னுது" என்பார் அடகாலா. தாம்பத்தியத்துக்கு அவர் எழுதிய ஒரே சட்டம் அது.

போன வருஷம் அந்த நாற்காலியில் மானம் போயிற்று. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் கிட்டாரைச் சரிபார்க்காமல் எடுத்துப்போனதில், முதல் பாட்டிலேயே கோழிகள் ஓடின. அசாவா குனிந்து காதில் சொன்னார்: "மச்சான், அடுத்த வருஷம் சுருதியையும் கூட்டிட்டு வாங்க."

இந்த வருஷமும் அப்படி ஆனால் நாற்காலி அசாவாவின் மகனுக்குப் போய்விடும்.

"புதுசு வாங்கணும்" என்றார்.

"சோபா வாங்கணும்னு பேசினோம்."

"சோபா வாசிக்குமா?"

"அது சுருதியாவது கலையாது."

அடகாலா வாயை மூடிக்கொண்டு மூளையைத் திறந்தார். டவுனில் கதோகோ கடையில் ஒரு கிட்டாரைப் பார்த்து வைத்திருந்தார். தேன் நிறம், துளையைச் சுற்றிச் சிப்பி வேலை. நேராக அங்கே அழைத்துப் போனால் மிதேவா மாட்டேன் என்பாள். முதலில் பயமுறுத்துகிற கிட்டார், அடுத்து சிரிப்பு வருகிற கிட்டார், கடைசியில் கதோகோ கடை. அவளே கெஞ்சுவாள். கதோகோவிடமும் போனில் சொல்லி வைத்தாயிற்று: "மத்தியானம் வேற ஆள் எடுத்துக்கிறதா இருக்காங்கன்னு ஒரு வார்த்தை போடுங்க."

"சும்மா பார்த்துட்டு வருவோம், வா."

"பழசை என்ன பண்றது?"

"மாத்திக்கலாம். ஒரு வீட்டுக்கு ரெண்டு கிட்டார் எதுக்கு? பாதி சோபா மிஞ்சும்."

"நீங்க சொன்னா சரி" என்று மிதேவா உடனே பழைய கிட்டாரை எடுத்து அவர் தோளில் மாட்டிவிட்டுச் செருப்பைப் போட்டாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது கல்யாணத்தன்று மட்டும்தான். அங்கேயே அடகாலா உஷாராகியிருக்கலாம்.

முதல் கடையில் மின்சாரக் கிட்டார். கடைக்காரர் ஒரு இழுப்பு இழுத்தார். தெருவில் போன மடாட்டு மினிபஸ் ஒன்று, ஹார்ன் என்று நினைத்து வழிவிட்டது.

"இது எவ்வளவு கரன்ட் குடிக்கும்?" என்றாள் மிதேவா.

"உன் இஸ்திரிப் பெட்டியைவிட ஜாஸ்தி. வாரத்துக்கு ரெண்டு தடவை மீட்டருக்குக் காசு கட்டி டோக்கன் போடணும்" என்று அடகாலா கூசாமல் புளுகினார்.

"ஐயோ, வேண்டாம்."

இரண்டாவது கடையில் ஊதா நிறத்தில் ஒன்று. மிதேவா அதைத் தட்டிப் பார்த்தாள். "உள்ள துணி ஊறவைக்கலாம்."

அடகாலாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. திட்டம் தண்டவாளத்தில் ஓடியது.

கதோகோ கடைக்குள் நுழைந்ததும் தேன்நிறக் கிட்டாரைக் கையில் எடுத்து விளக்கம் ஆரம்பித்தார். "இதுக்குப் பேரு காய்ஞ்ச கிட்டார்."

"காய்ஞ்சதுன்னா? மழையில எடுத்துட்டுப் போகக் கூடாதா?"

"அட, அப்படி இல்ல. வயர் கிடையாது, கரன்ட் கிடையாது. எல்லாச் சத்தமும் வயித்துலேர்ந்தே வரும்."

"உங்களை மாதிரி."

கதோகோ பாடம் ஒப்பித்தார். "மத்தியானம் வேற ஆள் எடுத்துக்கிறதா..."

"எடுக்கட்டுமே, பாவம்" என்றாள் மிதேவா.

அடகாலாவுக்கு வேர்த்தது. "இல்ல இமாலி அம்மா, ஒரு தடவை கையில வாங்கிப் பாரேன். எவ்வளவு லேசா இருக்கு பாரு."

"எனக்கு என்ன தெரியும்?"

"சும்மா பிடி."

"நீங்க இவ்வளவு சொல்றீங்க" என்று வாங்கினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிக் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு, ஊசியில் நூல் கோக்கிற நிதானத்தோடு, முறுக்காணிகளைத் திருகினாள். இந்தக் கம்பி தளர்ந்தது. அந்தக் கம்பி தளர்ந்தது. ஒன்று இறுகியது.

வெறுமனே எல்லாக் கம்பிகளையும் ஒரு தடவை வருடினாள். அடகாலாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் மாலையில் ஆணியிலிருந்து எடுத்ததும் கேட்கிற அதே சத்தம்.

"எலி..." என்றார்.

"எலிதான். தையல் தெரிஞ்ச எலி." மிதேவா நிமிரவில்லை. "இது எங்க அப்பாவோட சுருதி. நீங்க பேக்கரிக்குப் போனதும் தினம் இதுலதான் வாசிக்கிறேன். பாட்டில் சுரண்டினவளுக்குக் கண்ணு சும்மாதானே இருந்துச்சு. அவர் விரலையே பார்த்துட்டு இருப்பேன்."

பிறகு வாசித்தாள். கட்டைவிரல் ஒரு பக்கம் நடந்தது, ஆள்காட்டி விரல் இன்னொரு பக்கம் ஓடியது. பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள். மாமனார் வாசித்த காலத்தில் அடகாலா அந்த முற்றத்தில் நின்று கேட்டிருக்கிறார். அந்தக் கை அப்படியே இங்கே இருந்தது. இத்தனை காலம் இந்த விரல்களில் ஒரு பாட்டிலைக் கொடுத்து வைத்திருந்தோமே என்று அடகாலாவுக்கு உறுத்தியது. கூடவே பொறாமையும் இருந்தது. ரொம்ப நல்ல மனிதர்தான், ஆனாலும் மனிதர்.

"கட்டிக் குடுங்க" என்றாள் மிதேவா.

"அப்போ சோபா?" என்றார் அடகாலா.

"சோபா வாசிக்குமா?"

கதோகோ பழைய கிட்டாரை வாங்கி உயரத்தில் மாட்டினார். அடகாலா அண்ணாந்து பார்த்தார். "இமாலி அம்மா, அதையும் வச்சுக்கிட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது..."

"ஒரு வீட்டுக்கு ரெண்டு கிட்டார் எதுக்கு?"

விஹிகா முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். பழக்கதோஷத்தில் அடகாலா அதை நோக்கி நடந்தார். மிதேவா தேன்நிறக் கிட்டாரோடு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் விரல்கள் முதல் தடவை கம்பிகளில் ஓடியதும் அது அடங்கியது. அசாவா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மிதேவா பையிலிருந்து துணி சுற்றிய ஒரு பொருளை எடுத்துக் கணவரிடம் நீட்டினாள். அப்பா காலத்து ஃபான்டா பாட்டில்.

"பாட்டு என்னுது" என்றாள் அன்பாக. மீதிச் சட்டத்தை அவள் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

அடகாலா பாயில் உட்கார்ந்தார். சுரண்டினார். சுரண்டுவது சுலபம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். பாட்டு முடிந்தது. முற்றமே கைதட்டியது. அசாவா குனிந்து அவர் காதில் சொன்னார்:

"மச்சான், அடுத்த வருஷம் தாளத்தையும் கூட்டிட்டு வாங்க."