அடையாள அட்டை மாற்றிய ட்ரிப் அண்ணை

யுத்த காலத்துக் கொழும்பில் ஆளை ஆள் நம்பாமல் எல்லோரும் நடமாடிக்கொண்டிருந்தபோது, ஊரிலுள்ள அத்தனை பேரையும் ஒட்டுமொத்தமாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் ட்ரிப் அண்ணைதான். ட்ரிப் போவோம், ட்ரிப் போவோம் என்று எப்போதும் ஆள் சேர்த்ததால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் ஒன்றும் நிச்சயம் இருந்திருக்கும். சம்பளம் கொடுத்த முதலாளிக்கே அது ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கம்பனி கொட்டாஞ்சேனையில் இருந்தது. துறைமுகத்துக்கு வரும் சாமான்களை வெளியே எடுத்துக் கொடுப்பது தொழில். துறைமுகப் பக்கம் கெடுபிடி கூடியதும் முதலாளி அலுவலகத்தை இரண்டாகப் பிளந்து, டைப் அடிக்கிற பகுதியை வெள்ளவத்தைக்கு அனுப்பிவிட்டார். அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களை நாங்கள் கண்ணால் கண்டதே இல்லை. தொலைபேசியில்தான் குடும்பம் நடத்தினோம். குடும்பம் என்றால் சண்டை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய்த்தவன் சுனில். பத்திரத்தில் பிழை என்று நான் சொன்னால், பிழை உன் கண்ணில் என்பான் அவன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானும், அவனுக்குத் தெரிந்த தமிழில் அவனும் ஏசிக்கொள்வோம். குரலைக் கேட்டால் ஆள் ஆறடி இருப்பான், கையில் உலக்கை வைத்திருப்பான் என்றுதான் தோன்றும்.

சாமான் அனுப்பும் டெஸ்பாட்ச் பகுதியில் இருந்த ட்ரிப் அண்ணைக்கு இது பொறுக்கவில்லை.

"முகம் தெரியாதவனோட வேலை செய்யிறது பேயோட குடித்தனம் நடத்துற மாதிரி, தம்பி. எல்லாரையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய் ஒண்டாக் கடலில குளிக்க வைச்சால் சரி வந்திடும்" என்பார்.

மனிதர்களுக்குள் நம்பிக்கையை வளர்ப்பதற்கென்றே தன்னைக் கடவுள் யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பியிருக்கிறார் என்பது அவர் எண்ணம். அந்த நம்பிக்கைக்கு முதல் பலி எங்கள் மேனேஜர். கல்கிசைக் கடற்கரைக்குக் கொட்டாஞ்சேனைக்காரர்களை மட்டும் கூட்டிப்போய், மேனேஜரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழச் சொன்னார். பிடிப்பதற்கு ஆறு பேர் நின்றோம். அவர் சாய்கிற நேரம் பார்த்து இஸ்ஸோ வடைக்காரன் அந்தப் பக்கம் வந்தான். இறால் வடை வாசனைக்குத் திரும்பாத மூக்கு கொழும்பில் உண்டா? ஆறு பேரும் திரும்பினோம். மேனேஜர் அந்த வாரம் முழுவதும் தலையணை போட்டுத்தான் கதிரையில் உட்கார்ந்தார்.

அடுத்த வருடம் இரண்டு அலுவலகமும் சேர்ந்து இரண்டு வான் வண்டிகளில் பெந்தோட்டைக் கடற்கரைக்குப் புறப்பட்டோம். சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று, சோற்றுப் பார்சலும் ஏற்றியாயிற்று. வெள்ளவத்தையில் இரண்டு வானும் சந்தித்ததும் அண்ணை ஒருவரையும் இறங்க விடவில்லை.

"இந்த முறை விழுறது, பிடிக்கிறது ஒண்டும் இல்லை. எல்லாரும் ஐ.சி.யைத் தாங்கோ. உங்கட அடையாள அட்டை அந்த வானில, அவையின்ர அட்டை இந்த வானில. பெந்தோட்டையில இறங்கி முகம் பாத்து மாத்திக்கொள்ளுங்கோ. உங்கட உயிரை அவை வைச்சிருக்கினம், அவையின்ர உயிரை நீங்கள் வைச்சிருக்கிறியள். இதைவிட நம்பிக்கை என்ன கிடக்கு?"

"உங்களுக்கு விசரே, அண்ணை?" என்றேன்.

அவர் முதலில் தன்னுடைய அட்டையைக் கொடுத்தார். அப்படி ஒருவர் செய்தபிறகு மற்றவர்கள் எப்படி மறுப்பது? என் அட்டை போய்ச் சேர்ந்தது, வேறு யாரிடம், சுனிலிடம்தான். அவனுடையது எனக்கு வந்தது. இருந்த கோபத்தில் படத்தைக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

களுத்துறைக்குக் கிட்ட ஒரு சோதனைச் சாவடி. முன்னால் போன வெள்ளவத்தை வானைக் கையசைத்து அனுப்பிவிட்டு எங்கள் வானை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று, நல்ல பிள்ளைகளாக அட்டையை நீட்டினோம். மேனேஜர் நீட்டிய அட்டையில் டைப்பிஸ்ட் குசுமா அக்கா பொட்டுத் தோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தார். ஆமிக்காரர் படத்தைப் பார்த்தார், மேனேஜரின் மீசையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு தன் பெரியவரை, சார்ஜன்டைக் கூப்பிட்டார்.

சிரிப்பு அதோடு முடிந்தது. என்னைப் போல யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் அட்டை இல்லாமல் தெருவில் நிற்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. ட்ரக்கில் ஏற்றினால் எங்கே இறக்குவார்கள், எப்போது இறக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ட்ரக் வந்துகொண்டிருக்கிறது, அதற்குள் அட்டை வராவிட்டால் ஏறவேண்டியதுதான் என்று சார்ஜன்ட் சொல்லிவிட்டார். செல்போன் இல்லாத காலம். வெள்ளவத்தை வான் பைலா பாடிக்கொண்டு பெந்தோட்டையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. என் உயிர் சுனிலின் பையில் இருந்தது.

"நாசமாப் போச்சு. உங்களாலதான்!" என்று அண்ணையைப் பிடித்தேன்.

"பேசாமல் இரும் தம்பி. வருவாங்கள்."

"சுனில் வருவானே? அவன் கண்டால் கை தட்டுவான்!"

"வருவாங்கள் எண்டுறன்."

"இது யாருடைய யோசனை?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். அண்ணை ஒரு அடி முன்னால் வைத்தார். அவருக்கு முந்திக்கொண்டு மேனேஜர் போய் நின்றார்: "என்னுடையது. நான்தான் இவர்களுக்குப் பொறுப்பு." கடற்கரையில் நாங்கள் கைவிட்ட அதே மேனேஜர்! அதன்பிறகு சும்மா நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் போய் நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை முழுவதும் வந்தது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் தெருவோரமாக ஒருவன் எங்களை நோக்கி ஓடி வருவது தெரிந்தது. பாலர் வகுப்பில் விட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடக்கூடிய உயரம். ஒரு கையில் அட்டைகள் போட்ட பை, மறு கையில் தனியாக ஒரு அட்டை. வந்த குரல் மட்டும் அதே இடிக்குரல்.

"அய்யே! இந்த போட்டோல நீங்க சரியா கள்ளன் மாதிரி!"

சுனில்தான். பின்னால் வான் வரவில்லை என்று கண்டதும் டிரைவரோடு சண்டை பிடித்துத் திருப்ப வைத்தானாம். திரும்பி வரும் வழியில் வாகனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, இறங்கி ஓடியே வந்துவிட்டான்.

"ஒங்க காட் எங்கிட்ட இருக்கு. அப்ப நான் எப்படி போறது?" என்றான், மூச்சு வாங்க. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நேரம் மறந்து போயிற்று. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ட்ரக் வருவதற்குள் எங்களைப் போகவிட்டார்கள்.

பெந்தோட்டையில் எல்லோரும் ஒன்றாகக் கடலில் இறங்கினார்கள். அண்ணை மட்டும் பார்சலைப் பிரிக்காமல் மரநிழலில் உட்கார்ந்திருந்தார். கிட்டப் போனேன். அவர் தன் அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

"என்னண்ணை, வருவாங்கள் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"சொன்னனான்தான்" என்றார். "வேற என்னத்தைச் சொல்லுறது, தம்பி? நீர் பயந்துபோய் நிண்டனீர்."

அந்த மனிதர் இன்று எதிரே வந்து கையை நீட்டினால், வாய் நிறைய ஏசுவேன். ஏசிக்கொண்டே என் அட்டையை எடுத்துக் கொடுப்பேன்.